எந்த்ராதாவா, பியேத்தேயா? டிக்கெட்டுக்கு எந்தச் சொல்?

ஆங்கில-ஸ்பானிய அகராதியில் ‘டிக்கெட்’டைத் தேடினால் எந்த்ராதா, பியேத்தே, பொலேத்தோ, பசாஹே, முல்த்தா என்று ஒரு வரிசையே நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு முதலில் இருப்பதை எடுத்தால் வம்புதான். ஆங்கிலம் எல்லாச் சீட்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டது. அதைக் கடன் வாங்கிய நாமும் பஸ்ஸுக்கும் சினிமாவுக்கும் டிக்கெட் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அறிவிப்புப் பலகைகளில் மட்டும் வாழ்கிற நுழைவுச்சீட்டையும் பயணச்சீட்டையும் நினைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஸ்பானியமும் அப்படித்தான் பிரிக்கிறது.

எந்த்ராதா நுழைவுச்சீட்டு. நுழைதல் என்ற வினையிலிருந்தே பிறந்த சொல். மாட்ரிட்டின் பிராதோ அருங்காட்சியகம், சினிமா, கால்பந்து மைதானம் எல்லாவற்றுக்கும் இதுதான். உள்ளே விட்டால் எந்த்ராதா, ஊருக்குக் கொண்டுபோனால் பியேத்தே. அத்தோச்சா நிலையத்தில் நின்று தொலேதோ ரயிலுக்கு எந்த்ராதா கேட்டால் கவுண்டரில் இருப்பவருக்குப் புரியாமல் போகாது. ஆனால் மதுரைக்குப் போகிறவர் பிளாட்பாரம் டிக்கெட் கேட்டது போல இருக்கும்.

பியேத்தேயில் வேறு ஒரு சிக்கல். பணத்தாளுக்கும் அதே பெயர். 20 யூரோ நோட்டை நீட்டி ரயில் டிக்கெட் வாங்கினால் ஒரு பியேத்தேயைக் கொடுத்து இன்னொரு பியேத்தேயை வாங்கியதாகிறது. லாட்டரிச் சீட்டும் பியேத்தேதான். டிசம்பர் 22 அன்று குலுக்கப்படும் கிறிஸ்துமஸ் லாட்டரியில் முழுச்சீட்டின் விலை 200 யூரோ. அவ்வளவு கொடுக்க மனமில்லாதவர்கள் அதில் பத்தில் ஒரு பங்கை 20 யூரோவுக்கு வாங்குகிறார்கள். அதற்கு தேசிமோ என்று தனிப்பெயர்.

அட்லாண்டிக்கைத் தாண்டினால் கணக்கு மாறுகிறது. மெக்சிகோவில் பியேத்தே என்றால் பணம்தான் நினைவுக்கு வரும். அங்கே பஸ், விமானம், சினிமா எல்லாவற்றுக்கும் பொலேத்தோ. நம் டிக்கெட்டைப் போல ஒரே சொல்லில் காலம் தள்ளுகிறார்கள். அர்ஜென்டினாவில் நகரப் பேருந்துக்கு பொலேத்தோ, தொலைதூரப் பயணத்துக்கு பசாஹே, சினிமாவுக்கு ஸ்பெயினைப் போலவே எந்த்ராதா. கொலம்பியாவில் சினிமா டிக்கெட் பொலேத்தா. கடைசி எழுத்து ஒன்றுதானே மாறியிருக்கிறது என்று அலட்சியம் வேண்டாம். சிலியில் பொலேத்தா கடை ரசீது. மெக்சிகோவில் பள்ளி மதிப்பெண் அட்டை. எந்த நாட்டுக்குப் போகிறோம் என்றே தெரியாமல் படிப்பவர்களுக்கு என் பரிந்துரை, நுழைவுக்கு எந்த்ராதா, பயணத்துக்கு பொலேத்தோ. ஸ்பெயினுக்குத்தான் என்று உறுதியானால் இரண்டாவதை பியேத்தே ஆக்கிக்கொள்ளுங்கள்.

வண்டியைத் தவறான இடத்தில் நிறுத்தியதற்குப் போலீஸ் தரும் சீட்டு முல்த்தா. இதில் குழப்பத்துக்கே இடமில்லை. கடையில் தரும் பில்லுக்கு ஸ்பெயினில் தீக்கே என்பார்கள். ஆங்கிலச் சொல் வேடம் மாற்றி உள்ளே வந்துவிட்டது, ஆனால் டிக்கெட்டாக அல்ல, ரசீதாக. வாங்கிய சட்டையை மாற்றப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

பெயர்ச்சொற்கள் இப்படி அலைக்கழித்தாலும் வினைச்சொற்களில் தமிழருக்கு அதிர்ஷ்டம். ஆங்கிலத்தில் டிக்கெட்டை ‘வாங்குகிறார்கள்’. நாமோ டிக்கெட் ‘எடுக்கிறோம்’. ஸ்பெயின்காரர்களும் அப்படியே: சகார் என்றால் வெளியே எடுத்தல், ரயிலுக்கும் சினிமாவுக்கும் அவர்கள் செய்வது அதுதான். அபராதத்தையோ, நம் ஊர்ப் போலீஸைப் போலவே ‘போடுகிறார்கள்’. போனேர் என்ற வினைக்கு வைத்தல், போடுதல் என்று பொருள். ‘நேற்று எனக்கு அபராதம் போட்டுவிட்டார்கள்’ என்று தமிழில் நினைத்து, வினையை மாற்றாமல் ஸ்பானியத்தில் சொல்லலாம்.