அப்பாக்கு காது மெஷின் எடுத்த கிளினிக் ரிவ்யூ, கூடவே லைசென்ஸ் விஷயமும்

நேரா விஷயத்துக்கு வாறேன். நாகர்கோவில் டவுனுக்குள்ள இருக்குற ஒரு ஹியரிங் அண்டு ஸ்பீச் கிளினிக்ல அப்பாக்கு காது மெஷின் எடுத்தோம், ரொம்ப கொள்ளாம், 5-க்கு 4.5 தாராளமா குடுப்பேன். கிளினிக் பேரு போடல, ஏன்னா நான் சொல்ல வாறது இந்த ஒரு எடத்துக்கு மட்டும் இல்ல, நீங்க மார்த்தாண்டத்துல போனாலும் சரி தக்கலைல போனாலும் சரி பார்டர் தாண்டி திருவனந்தபுரம் போனாலும் சரி இத பாத்துட்டு போங்கங்குறதுக்குதான் எழுதுறேன்.

அப்பா குளச்சல்ல விசைப்படகு டிரைவரா இருந்தவரு. வாழ்க்கைல பாதி எஞ்சின் பக்கத்துலயே போச்சு. இப்ப கொஞ்ச வருஷமா வீட்ல யாரு என்ன கேட்டாலும் "என்ன மக்களே, என்னது"ன்னு திரும்பத் திரும்ப கேப்பாரு, டிவி சத்தம் தெரு முனை வரைக்கும் போகும், போன் வந்தா எடுக்கவே மாட்டாரு. சத்தமே கேக்கலன்னு சொல்ல முடியாது, சத்தம் கேக்கும், ஆனா என்ன சொல்றாங்கன்னு வெளங்காது. அதான் பிரச்சனை.

இந்த கிளினிக்குக்கு முன்னாடி எங்க மச்சான் ஒரு இலவச காது பரிசோதனை முகாம்ல வச்சு அப்பாக்கு ஒரு மெஷின் வாங்கிக் குடுத்திருந்தாரு. அங்க இருந்தது டை கட்டுன ஒரு பையன், ஒரு மேசை, ஒரு பெட்டி நிறைய மெஷின், அவ்வளவுதான். சுத்தி ஆளுங்க பேசிட்டு இருக்காங்க, ஃபேன் ஓடுது, அந்த சத்தத்துக்குள்ளயே ஹெட்போன மாட்டி "கேக்குதா தாத்தா"ன்னு கேட்டு, இந்த மாடல் உங்களுக்கு சரியா இருக்கும்னு சொல்லி வித்தாச்சு. டெஸ்ட் ரிப்போர்ட்டுன்னு ஒரு பேப்பர் கூட தரல. அந்த மெஷின மாட்டுனா அப்பாக்கு திருவிழா குழாய் ஸ்பீக்கருக்கு கீழ உக்காந்த மாதிரி எல்லா சத்தமும் சேந்து கூடும், பேச்சு மட்டும் தெளியாது. ரெண்டு வாரத்துல கழட்டி அலமாரில வச்சிட்டாரு. அந்தப் பையன் என்ன படிச்சிருக்கான்னு யாரும் கேக்கல, அவனும் சொல்லல. முகாம் நடத்துனவங்க நல்ல மனசோடதான் நடத்திருப்பாங்க, ஆனா அங்க உக்காந்து மெஷின் மாட்டுறவனுக்கு தகுதி இருக்கான்னு பாக்குறது அவங்க பொறுப்பு இல்லையா?

இப்ப கிளினிக்குக்கு வருவோம். உள்ள போனதும் நான் முதல்ல பாத்தது ரிசப்ஷனுக்கு பின்னாடி மாட்டி வச்சிருந்த ஆர்சிஐ சர்டிபிகேட், அதாவது காது டெஸ்ட் பண்றவங்களுக்கு உள்ள பதிவுச் சான்று. ஆடியாலஜிஸ்ட் பேரு, சிஆர்ஆர் நம்பர்ங்குற பதிவு நம்பர், எது வரைக்கும் செல்லும்ங்குற தேதி எல்லாம் அதுல இருந்துச்சு. நம்பர ஆர்சிஐ வெப்சைட்ல போட்டு பாத்தேன், அதே பேரு வந்துச்சு. இத கேட்டதுக்கு அந்த மேடம் கோவிச்சுக்கல, "எல்லாரும் இப்படி கேட்டா எங்களுக்குதான் நல்லது"ன்னு சொன்னாங்க.

ஆர்சிஐன்னா இந்திய மறுவாழ்வு கவுன்சில். 1992-ல போட்ட சட்டத்துப்படி நடக்குற அமைப்பு அது. காது பரிசோதிச்சு மெஷின் ஃபிட் பண்ற ஆடியாலஜிஸ்ட், பேச்சுப் பயிற்சி குடுக்குற ஸ்பீச் தெரபிஸ்ட் எல்லாம் இதுல பேரு பதிஞ்சிருக்கணும். அதுக்கு பிஏஎஸ்எல்பின்னு காது, பேச்சு ரெண்டுக்கும் சேத்து ஒரு டிகிரி இருக்கு, இன்டெர்ன்ஷிப்பும் சேத்து 4 வருஷம். மைசூர்ல இருக்குற ஐஷ்ங்குற பேச்சு, கேட்டல் நிறுவனம் இந்தப் படிப்ப நடத்துற பெரிய எடம், நமக்கு பக்கத்துலன்னா திருவனந்தபுரம் ஆக்குளத்துல நிஷ்ன்னு ஒரு நிறுவனம் இருக்கு. இத தவிர டிஎச்எல்எஸ்ன்னு ஒரு வருஷ டிப்ளமோ முடிச்ச டெக்னீசியனும் ஆர்சிஐல பதிஞ்சிருப்பாங்க, அவங்க வேலையும் முக்கியம்தான், ஆனா டெக்னீசியனும் ஆடியாலஜிஸ்டும் ஒண்ணு கெடையாது, போர்டுல என்ன போட்டிருக்குன்னு நல்லா வாசிச்சு பாருங்க. ஒருக்கா பதிஞ்சா ஆயுசுக்கும் செல்லும்னும் கெடையாது, 5 வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும், அதுக்கு நடுவுல பயிற்சி வகுப்புல கலந்துக்கிட்டு பாயிண்ட் சேக்கணும்.

நம்ம நாட்டுல இந்தப் பதிவு எல்லா மாநிலத்துக்கும் ஒண்ணுதான். கேரள பார்டர்ல இருக்குற களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நம்பர் செல்லும். அமெரிக்காவுல இதுவே மாநிலத்துக்கு மாநிலம் தனி. எங்க சித்தி மக டெக்சாஸ்ல ஸ்பீச் தெரபிஸ்டா இருக்கா, அவகிட்ட கேட்டப்ப சொன்னா, மாஸ்டர் டிகிரி முடிச்சு, பிராக்சிஸ்னு ஒரு பரீட்சை பாஸ் பண்ணி, சீனியர் ஒருத்தர் மேற்பார்வைல இன்டெர்ன் லைசென்ஸ்ல குறைஞ்சது 36 வாரம் வேலை பாத்த பெறகுதான் முழு லைசென்ஸ். ஆடியாலஜிஸ்டுன்னா அங்க டாக்டரேட் லெவல் படிப்பு வேணும். வேற மாநிலத்துக்கு வீடு மாறுனா பொதுவா அங்க திரும்ப லைசென்ஸ் எடுக்கணும், அந்த அலைச்சல குறைக்கதான் இப்ப பல மாநிலங்கள் சேந்து காம்பாக்டுன்னு ஒரு ஒப்பந்தம் போட்டிருக்காங்க. ஃபுளோரிடா 1969-லயே இந்த லைசென்ஸ கொண்டு வந்திருச்சாம். டெக்சாஸ்ல இத பாக்குற டிபார்ட்மென்ட் வெப்சைட்ல யாரு பேர வேணும்னாலும் போட்டு லைசென்ஸ் இருக்கான்னு பாக்கலாம், அங்க கடைல மெஷின் ஃபிட் பண்ணி விக்கிறவனுக்கே தனி லைசென்ஸ் உண்டுன்னு அவ சொன்னப்ப எனக்கு அந்த முகாம் பையன் ஞாபகம்தான் வந்துச்சு. 2022 அக்டோபர்ல இருந்து அங்கயும் லேசா, நடுத்தரமா கேக்காத பெரியவங்க கடைல நேரா மெஷின் வாங்கலாம்னு ஆக்கிட்டாங்க, ஆனா அதுக்குன்னே தனி வகை மெஷின், இவ்வளவுக்கு மேல சத்தம் கூடக்கூடாதுன்னு அதுக்கு கட்டுப்பாடு இருக்கு.

நம்ம சட்டத்துலயும் பதிவு இல்லாம பிராக்டிஸ் பண்ணுனா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா 1,000 ரூபாய் வரைக்கும் ஃபைன், இல்ல ரெண்டும்னு இருக்கு. 1,000 ரூபாய்! ஒரு மெஷின் வித்தா அதுக்கு எத்தன மடங்கு கைல நிக்கும்? இத மாத்தணும்னு நான் மனசார நெனைக்கேன். நம்ம மாவட்டத்துல இருந்து கல்ஃபுக்கு போன நர்ஸ் பிள்ளைகள் எத்தன பேரு, ப்ரோமெட்ரிக் பரீட்சை எழுதி லைசென்ஸ் கைல வராம அங்க ஒரு ஊசி போட விட மாட்டாங்கன்னு நம்ம வீட்டுக்கு வீடு தெரியும். இங்க காதுன்னு வந்தா மட்டும் யாரும் கேக்க மாட்டேங்குறோம்.

டெஸ்ட் எப்படி பண்ணுனாங்கன்னு கொஞ்சம் விவரமாவே சொல்றேன், வித்தியாசம் அங்கதான் வெளங்கும். முதல்ல லைட் அடிச்சு காதுக்குள்ள பாத்தாங்க, அழுக்கு அடைச்சிருக்கா செவிப்பறைல ஓட்டை இருக்கான்னு. அப்புறம் சத்தம் புகாத ரூமுக்குள்ள அப்பாவ உக்கார வச்சு கைல ஒரு பட்டன் குடுத்து "அப்பா, எவ்வளவு மெல்லிசா கேட்டாலும் அமுக்குங்க, சந்தேகமா இருந்தாலும் அமுக்குங்க"ன்னு சொன்னாங்க. 250 ஹெர்ட்ஸ்ங்குற தாழ்ந்த சுருதில இருந்து 8,000 ஹெர்ட்ஸ்ங்குற கீச்சு சுருதி வரைக்கும் ஒவ்வொரு காதா ஒவ்வொரு சத்தமா பாத்தாங்க. பெறகு ஹெட்போன கழட்டிட்டு காதுக்கு பின்னால எலும்புல ஒரு சின்ன பட்டை மாதிரி ஒண்ண வச்சு திரும்பவும். ஹெட்போன்லயும் கொறவு எலும்புலயும் அதே கொறவுன்னா பிரச்சனை உள்காதுல, எலும்புல நல்லா கேட்டா பிரச்சனை வெளிக்காதுலயோ நடுக்காதுலயோ இருக்கும், அதுக்கு இஎன்டி டாக்டர்கிட்ட போகணும்னு சொன்னாங்க. பெறகு தமிழ்ல சின்னச் சின்ன வார்த்தையா சொல்லி அப்பாவ திருப்பிச் சொல்லச் சொன்னாங்க.

ஆடியோகிராம, அதாவது டெஸ்ட் ரிசல்ட் வரைபடத்த எங்க முன்னாடியே விரிச்சு வச்சு காட்டுனாங்க. தாழ்ந்த சுருதில கோடு மேலயே கெடக்கு, 2,000 தாண்டுனதும் சரிஞ்சு 4,000 பக்கத்துல கெணறு மாதிரி ஆழமா எறங்குது. மேடம் அத பாத்ததும் "அப்பா எஞ்சின் பக்கத்துல வேலை பாத்தீங்களா"ன்னு கேட்டாங்க. நாங்க அதுவரைக்கும் படகு விஷயத்த சொல்லவே இல்ல! ரொம்ப வருஷம் பெரிய சத்தத்துல இருந்தவங்களுக்கு 4,000 பக்கத்துலதான் முதல்ல அடி விழுமாம், வயசும் சேந்தா அதுக்கு மேல உள்ளதும் போகும். ச, ஸ, த, க மாதிரி எழுத்துச் சத்தமெல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கு, உயிரெழுத்து தாழ்ந்த பக்கம் இருக்கு, அதான் சத்தம் கேக்குது பேச்சு வெளங்கல. முகாம் மெஷின் எல்லாத்தையும் ஒரே மாதிரி கூட்டுச்சு, தேவை கீச்சு சுருதி பக்கம் மட்டும் கூட்டுறது. ஆடியோகிராம் எடுக்காம இத யாரால சொல்ல முடியும்?

மெஷின் காதுக்கு பின்னால வச்சு மெல்லிசா வயரு உள்ள போற மாடல், லேப்டாப்ல போட்டு அப்பா ஆடியோகிராமுக்கு ஏத்த மாதிரி செட் பண்ணுனாங்க. வெல ஏறுனா வசதி ஏறும், ஆனா அவங்க பெரிய வெலைக்கு தள்ளல, "அப்பா வீட்டுலயும் கோயில்லயும்தான இருக்காரு, இது போதும்"னு சொன்னாங்க. ட்ரையலுக்கு மாட்டி வெளிய ரோட்டுல நடந்துட்டு வரச் சொன்னாங்க, பஸ் சத்தம் குத்துதுன்னு அப்பா சொன்னதும் அத கொறச்சாங்க. ஒரு வாரம் கழிச்சு திரும்ப வரச்சொல்லி சரி பண்ணுனாங்க. காது மெஷினுக்கு ஜிஎஸ்டி கெடையாது, பில்லுல அத பாத்துக்கோங்க. அப்பா இப்ப போன எடுத்து பேசுறாரு, அம்மா மெல்ல திட்டுனா கூட பதில் வருது.

பக்கத்து ரூம்ல பிள்ளைகளுக்கு ஸ்பீச் தெரபி நடக்குது. எங்க தெருவுல ஒரு வீட்டுல மூணு வயசு பேரன் பேசல, "அவங்க அப்பனும் லேட்டாதான் பேசுனான், தானா வரும்"னு வீட்ல விட்டுட்டாங்க. நான் சொல்லி அழைச்சிட்டு வந்தாங்க. தெரபின்னு உடனே ஆரம்பிக்காம முதல்ல பேரா (BERA)ங்குற காது கேக்குதான்னு பாக்குற டெஸ்டுக்கு எழுதிக் குடுத்தாங்க, கேக்குதான்னு தெரியாம பேச வைக்கிறது எப்படின்னு. அதுக்காகவே அவங்க மேல எனக்கு மதிப்பு கூடிருச்சு. பிறவிலயே கேக்காத 6 வயசுக்குள்ள பிள்ளைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல காக்ளியர் இம்பிளான்ட் ஆபரேஷன் உண்டு, அதனால தள்ளிப் போடாதீங்க. வசதி இல்லாதவங்க கலெக்டர் ஆபிஸ்ல மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேளுங்க, மெஷின் இலவசமா கெடைக்க வழி இருக்கு.

கொறைன்னா, கிளினிக் மாடில, லிஃப்ட் இல்ல, முட்டி வலி உள்ளவங்களுக்கு கஷ்டம். அப்பாயின்ட்மென்ட் போட்டாலும் காத்திருக்கணும், ஒரே ஒரு ஆடியாலஜிஸ்ட்தான், ஒருத்தருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல எடுக்குறாங்க. அரை மார்க் அதுக்குதான் கொறச்சேன். கடல் பக்கத்துல வீடுன்னா மெஷின் கூடவே ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல் டப்பாவும் கேட்டு வாங்குங்க, ராத்திரி அதுல போட்டு வைக்கணும், உப்புக்காத்துல மெஷின் சீக்கிரம் போயிரும். பேட்டரிய ஸ்டிக்கர் கிழிச்ச உடனே போடாம கொஞ்ச நேரம் காத்துல வச்சிட்டு போடுங்க. ஆடியோகிராம் ஒரிஜினல கையோட வாங்கிக்கோங்க, அடுத்த வருஷம் ஒப்பிட்டுப் பாக்க அது வேணும்.