எம்75.01-ஆ, எம்25.511-ஆ: வலது தோள்வலிச் சார்ட்டில் எதை எழுதுவது?

வலது தோள் வலிக்கிறது, கையைத் தூக்க முடியவில்லை என்று ஒருவர் அமெரிக்க எலும்பியல் மருத்துவரிடம் போகிறார். அந்தச் சந்திப்பின் மருத்துவப் பதிவான சார்ட், அதைக் காப்பீட்டுக்கான குறியீடுகளாக மாற்றும் ஒரு கோடரின் திரைக்கு, சென்னையிலோ கோவையிலோ திருச்சியிலோ, வந்து சேரும்போது, நோய்களுக்கான அமெரிக்கக் குறியீட்டுத் தொகுப்பான ஐசிடி-10-சிஎம்மிலிருந்து இரண்டு குறியீடுகள் போட்டிக்கு நிற்கின்றன. தோள்மூட்டு இறுகி அசைவு குறையும் நோயான அட்ஹெசிவ் கேப்சுலைட்டிஸை, அதாவது ஃப்ரோசன் ஷோல்டரை, வலது தோளில் குறிப்பது எம்75.01, வலது தோள்மூட்டு வலியை மட்டும் குறிப்பது எம்25.511. முன்னது நோயின் பெயர், பின்னது நோயாளியின் முறையீடு. நோயின் பெயரைச் சொல்லும் குறியீடே எப்போதும் உயர்ந்தது என்றும், வலிக் குறியீடு சோம்பேறிக் கோடரின் புகலிடம் என்றும் பயிற்சி வகுப்புகளிலேயே ஓர் எண்ணம் பரவிவிடுகிறது. அந்த எண்ணம் தவறு என்பதே என் கருத்து.

முதலில் அமைப்பைப் பார்த்துவிடலாம். 2015 அக்டோபர் 1 வரை அமெரிக்காவில் புழங்கிய ஐசிடி-9-சிஎம்மில் ஃப்ரோசன் ஷோல்டருக்கு 726.0, தோள்மூட்டு வலிக்கு 719.41 என்று இருந்தன. எந்தப் பக்கத் தோள் என்பதை அவை சொல்லவில்லை. இப்போது எம்75.01 வலது, எம்75.02 இடது, எம்75.00 பக்கம் குறிப்பிடப்படாதது; வலிக்கு அதே வரிசையில் எம்25.511, எம்25.512, எம்25.519. முன்னது ஐந்து எழுத்துகளிலேயே முழுமை பெறுகிறது, பின்னதற்கு ஆறு வேண்டும், எம்25.51 என்று நிறுத்தினால் காப்பீட்டுக் கிளெய்ம் செல்லாது. இரண்டு தோள்களும் பாதிக்கப்பட்டிருந்தால் அதற்கெனத் தனிக் குறியீடு கிடையாது. வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று என இரண்டையும் எழுத வேண்டும். மருத்துவர் பக்கத்தை எழுத மறந்திருந்தாலும், செவிலியரோ பிசியோதெரபிஸ்டோ அதே சார்ட்டில் பதிவு செய்திருந்தால் அதை எடுத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. ஆகவே பக்கம் குறிப்பிடாத குறியீட்டில் கை வைப்பதற்கு முன் சார்ட்டை முழுவதும் புரட்டிப் பார்ப்பது நல்லது.

போட்டியின் உண்மையான முடிவு மருத்துவரின் சொற்களில் இருக்கிறது. புறநோயாளிச் சந்திப்புகளில் 'ப்ராபபிள்', 'சஸ்பெக்டட்', 'ரூல் அவுட்', 'கன்சிஸ்டென்ட் வித்' போன்ற ஐயச் சொற்களோடு எழுதப்பட்ட நோயைக் குறியீடாக்கக் கூடாது என்று அதிகாரபூர்வ வழிகாட்டு விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. 'மூன்று மாதமாக வலது தோள்வலி, அட்ஹெசிவ் கேப்சுலைட்டிஸாக இருக்கக்கூடும், பிசியோதெரபிக்கு அனுப்பப்படுகிறார்' என்று இருந்தால், அந்த நாளுக்குரிய சரியான விடை எம்25.511 மட்டுமே. ஆறு வாரம் கழித்து அதே நோயாளி திரும்பி வந்து, இம்முறை மருத்துவர் 'அட்ஹெசிவ் கேப்சுலைட்டிஸ், வலது தோள்' என்று ஐயமின்றி எழுதினால், அன்றைக்கு எம்75.01. அதற்காக முதல் சந்திப்பின் குறியீடு பிழையாகிவிடாது. அன்று தெரிந்தது அவ்வளவுதான். உள்நோயாளியாக இருந்து வீடு திரும்பும்போது எழுதப்படும் ஐய நோய்க்கு விதி நேர்மாறானது, அது உறுதியான நோயைப் போலவே குறியீடு பெறும். ஆனால் ஃப்ரோசன் ஷோல்டருக்காக மட்டும் ஒருவரைப் படுக்கையில் சேர்ப்பது அரிது என்பதால் இந்தப் பிரிவில் அது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

இங்கே சறுக்குபவர்கள் பெரும்பாலும் அறிவில் குறைந்தவர்கள் அல்லர், நன்றாகப் படித்தவர்கள். ஃப்ரோசன் ஷோல்டரில் நோயாளி தானாக அசைக்கும் அசைவும், மருத்துவர் பிடித்து அசைக்கும் அசைவும் சேர்ந்தே குறையும், அதிலும் கையை வெளிப்புறமாகத் திருப்புவது முதலில் முடங்கும், எக்ஸ்ரே பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும் என்பது பிசியோதெரபி படித்துவிட்டு இத்துறைக்கு வந்த கோடருக்கு மனப்பாடம். பரிசோதனைக் குறிப்பில் இந்த மூன்றும் வரிசையாக இருந்தால் கை தானாகவே எம்75.01-ஐ நோக்கிப் போகும். ஆனால் நோயறிதல் என்பது மருத்துவரின் கையெழுத்துக்கு உரியது. அறிகுறிகளைக் கூட்டி நோயின் பெயரைக் கோடர் வருவிக்க முடியாது. விடை சரியாகவே இருந்தாலும், கோடரின் வேலையைச் சரிபார்க்கும் ஆடிட்டில் அது பிழைதான்.

'தோள்வலி, அட்ஹெசிவ் கேப்சுலைட்டிஸ்' என்று ஒரே தோளுக்கு இரண்டையும் மருத்துவர் எழுதியிருந்தால் எம்75.01 மட்டும் போதும். ஒரு நோயோடு வழக்கமாக வரும் அறிகுறியைத் தனியே எழுதக் கூடாது. ஃப்ரோசன் ஷோல்டர் இருக்கும் இடத்தில் வலி இருப்பது, காய்ச்சலில் உடம்பு சுடுவதைப் போன்றது. வலது தோளில் கேப்சுலைட்டிஸும் இடது தோளில் காரணம் தெரியாத வலியும் இருந்தால் மட்டும் எம்75.01, எம்25.512 இரண்டுக்கும் இடமுண்டு.

மூன்றாவதாக எட்டிப் பார்ப்பவையும் உண்டு. மருத்துவர் 'ஸ்டிஃப்னஸ்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது எம்25.611, இறுக்கம் என்ற சொல்லைக் கண்டதும் ஃப்ரோசன் என்று மொழிபெயர்த்துக்கொள்ளக் கூடாது. தோளில் தசைநாண் நசுங்கும் இம்பிஞ்ச்மென்ட்டுக்கு எம்75.4, தோளைச் சுற்றியுள்ள தசைநாண்களான ரொட்டேட்டர் கஃப்பில் அடிபடாமல் ஏற்பட்ட கிழிசலுக்கு எம்75.1 எனத் தனி வரிசைகள் இருக்கின்றன. நம்மூர் மருத்துவர்கள் எழுதும் 'பெரிஆர்த்ரைட்டிஸ்' என்ற சொல் 1872-இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் துப்ளே பயன்படுத்திய பெயரின் மிச்சம்; ஃப்ரோசன் ஷோல்டர் என்ற பெயர் 1934-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் காட்மன் தந்தது, அட்ஹெசிவ் கேப்சுலைட்டிஸ் 1945-இல் இன்னொரு அமெரிக்க அறுவை மருத்துவர் நெவியாசர் தந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் மூல ஐசிடி-10 தோளின் பெரிஆர்த்ரைட்டிஸையும் எம்75.0-இன் கீழேயே வைத்திருக்கிறது.

சர்க்கரை நோயாளிகளின் சார்ட்டில் இன்னும் ஒரு படி கவனம் தேவை. சர்க்கரை நோயும் ஃப்ரோசன் ஷோல்டரும் அடிக்கடி சேர்ந்து வருவது மருத்துவ உலகம் அறிந்ததே. அதற்காக இரண்டையும் கோடரே முடிச்சுப் போட்டுவிட முடியாது. சர்க்கரையால் வந்தது என்று மருத்துவர் எழுதினால் சிக்கல்களுக்கான இ11.6 வரிசைக்குப் போகலாம். எழுதாவிட்டால், வேறு எந்தச் சிக்கலும் இல்லாத டைப் 2 நோயாளிக்கு இ11.9-உம் எம்75.01-உம் தனித்தனியே நிற்கும்.

சிகிச்சைக் குறியீடு வரும்போது எம்75.01-க்கும் எம்25.511-க்கும் உள்ள வேறுபாடு பணமாக மாறுகிறது. தோள்மூட்டில் ஊசி போடும் 20610-ஐ வலிக் குறியீடு ஓரளவு தாங்கும். மயக்க மருந்து கொடுத்துத் தோளை அசைத்து விடுவிக்கும் 23700-க்கோ, ஆர்த்ராஸ்கோப்பி வழியே ஒட்டுத்திசுக்களை அறுக்கும் 29825-க்கோ வெறும் எம்25.511-ஐக் கொடுத்தால், 'வலிக்கு எதற்கு இவ்வளவு?' என்று காப்பீட்டு நிறுவனம் கேட்பது நியாயமே. அப்படிப்பட்ட சார்ட்டில் நோயின் பெயர் இல்லையென்றால் மருத்துவருக்கு விளக்கம் கேட்டுக் கொயரி அனுப்ப வேண்டும். அதிலும் 'இது ஃப்ரோசன் ஷோல்டர்தானே?' என்று விடையை வாயில் ஊட்டாமல், பரிசோதனையில் பதிவான அசைவு அளவுகளையும் செய்யப்பட்ட சிகிச்சையையும் எடுத்துக்காட்டி, இதற்குரிய நோயறிதலைத் தெளிவுபடுத்துமாறு மட்டும் கேட்க வேண்டும்.