பஞ்சாயத்து ஓட்டா, குடியுரிமையா: எங்கள் வீட்டில் இரண்டு கட்சி

நான் 1985-இல் மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் பிறந்தவள். தம்பி 1989-இல், அதே முகாமில், அதே வரிசை வீட்டில் பிறந்தான். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே இந்தியர்கள் என்கிறது குடியுரிமைச் சட்டம். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அப்பா, அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். ஆக, ஒரே சட்டி மீன் குழம்பில் வளர்ந்த எங்களில் நான் பிரஜை, அவன் அகதி.

குடியுரிமை வருகிறபோது வரட்டும், உள்ளாட்சித் தேர்தலில் மட்டுமாவது எங்களுக்கு ஓட்டுக் கொடுங்கள் என்பது தம்பியின் கட்சி. கேட்பதுதான் கேட்கிறோம், குடியுரிமையையே கேட்போம் என்பது என் கட்சி. நான் அந்த வழியில் போய் வந்தவள், அதனால் அந்தப் பக்கம்தான் சாய்வேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சுவீடனில் 1976-இலிருந்தே வெளிநாட்டவர் உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடுகிறார்கள். தென்கொரியாவில் 2006-இல் தொடங்கியது. அயர்லாந்தில் அங்கே குடியிருந்தால் போதும். குழாயில் தண்ணீர் வருகிறதா, தெருவிளக்கு எரிகிறதா என்பதைச் சொல்ல பாஸ்போர்ட் எதற்கு என்று கேட்பான். அரசியலமைப்புச் சட்டத்தின் பிரிவு 326-ஐயும் மனப்பாடமாக வைத்திருக்கிறான். ஓட்டுப் போடுகிறவர் பிரஜையாக இருக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருப்பது மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும்தான், பஞ்சாயத்துப் பேச்சே அதில் இல்லை. ஆனால் நடைமுறையில் பஞ்சாயத்துப் பட்டியலும் சட்டமன்றப் பட்டியலிலிருந்துதான் தயாராகிறது. அதில் பிரஜை அல்லாதவர் பெயர் ஏறாது.

நாட்டின் பாதுகாப்பு என்ற பேச்சு அடுத்து வரும். ஜப்பானில் இதை எதிர்ப்பவர்கள் சுஷிமா, யோனகுனி தீவுகளைக் காட்டுவார்கள். அங்கே ஆட்கள் குறைவு, எல்லை பக்கத்திலேயே இருக்கிறது, வெளியாட்கள் கொஞ்சம் பேர் சேர்ந்தாலே முடிவு மாறிவிடும் என்பார்கள். வாஷிங்டன் நகரம் 2022-இல் முப்பது நாள் குடியிருந்தால் ஓட்டு என்று சட்டம் போட்டபோது, அப்படியானால் தூதரக ஊழியரும் வந்து ஓட்டுப் போடுவாரா என்று கேட்டார்கள். எங்கள் கரைக்கும் அதே பேச்சுப் பொருந்தும். தனுஷ்கோடி அரிச்சல்முனையிலிருந்து இலங்கையின் தலைமன்னார் முப்பது கிலோமீட்டர்தான். இருபது முப்பது ஓட்டில் வார்டு கைமாறும் ஊர்கள் இங்கே உண்டு.

இருந்தாலும் எனக்கு அந்தப் பயம் பெரிதாகப் படவில்லை. இந்தக் கடலில் களவாகப் போவது கடல் அட்டை, பீடி இலை, மஞ்சள். அதைக் கடத்துகிறவனுக்கு வாக்குச்சீட்டு எதற்கு? முகாம்காரர்களைப் போலப் பதிவானவர்கள் இந்த மாவட்டத்திலேயே கிடையாது. வெளியே போனால் வாசல் பதிவேட்டில் கையெழுத்து, மாதாமாதம் பணக்கொடை வாங்கும்போது தலை எண்ணிக்கை, இடையிடையே கியூ பிராஞ்ச் உளவுப் போலீஸ் விசாரணை. 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு அப்பா சாகும்வரை, வாசலில் பைக் நின்றாலே எழுந்து சட்டையை மாட்டிக்கொள்வார்.

என்னை முடிவு செய்ய வைத்தது வேறு. கொடுத்ததைத் திரும்பப் பிடுங்க முடியுமா என்ற கேள்விதான் அது. அப்பாயி இலங்கையில் அட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். 1931-இல் பிரிட்டிஷார் ஆட்சியில் டொனமூர் அரசியலமைப்பு வந்தபோது, அங்கே நிலையாகக் குடியிருந்ததை வைத்துத் தோட்டத் தமிழர்கள் பலருக்கு ஓட்டுக் கிடைத்தது. 1947 தேர்தலில் அப்பாயியும் ஓட்டுப் போட்டார். கொண்டை போட்டுப் புதுச் சேலை கட்டி, லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு)ப் பெண்கள் எல்லாரும் வரிசையாக நடந்து போனதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டத்தில் அவர்கள் இல்லை. 1949-இல் பிரஜைகளுக்கு மட்டுமே ஓட்டு என்றானது. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் ஐந்தே கால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்தார்கள்.

“அங்கே பறித்தது குடியுரிமையைத்தானேக்கா, அதையும்தான் பிடுங்குவாங்க போலயே” என்று தம்பி மடக்குவான். நான் ஒத்துக்கொள்வதில்லை. குடியிருக்கிறார்கள் என்பதற்காகத் தந்த ஓட்டு அது, அடியில் குடியுரிமை இல்லை. அதனால்தான் இரண்டு சட்டத்தில் போயிற்று. நியூயார்க் மாநகராட்சி 2021 டிசம்பரில் பிரஜை அல்லாதவர்களுக்கு ஓட்டுத் தந்தது. ஒருவர்கூட ஓட்டுப் போடுவதற்குள் வழக்கு வந்து, 2025 மார்ச்சில் அந்த மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஜெர்மனியில் இரண்டு மாநிலங்கள் போட்ட இதே மாதிரிச் சட்டங்களை 1990-இலேயே அங்குள்ள நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. எல்லையில் ஏதாவது ஒரு படகு பிடிபட்டால் போதும், இங்கேயும் முதலில் கைவைக்கிற இடம் இந்த ஓட்டாகத்தான் இருக்கும்.

அப்புறம் இன்னொன்று. முகாமை நடத்துவது வருவாய்த் துறை. எங்கள் குழாய்க்கும் கூரைக்கும் பஞ்சாயத்துத் தலைவரிடம் போய் நின்றால் அவர் கலெக்டர் ஆபீஸைக் கை காட்டுவார். நான் பார்த்தது மண்டபம் ஒன்றுதான், மற்ற முகாம்களில் கொஞ்சம் மாறலாம்.

என் வழி சுலபம் என்று சொல்ல மாட்டேன். 1986-இல் இதே முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை உத்தரவிட்டது. அதைப் பார்த்துத்தான் எனக்கும் துணிச்சல் வந்தது. பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஒரு எழுத்துப் பிசகியிருந்தது. அதைத் திருத்த ஒரு அலுவலகத்துக்குப் பதினொரு முறை நடந்தேன். ஒவ்வொரு முறையும் ராமநாதபுரத்துக்கு பஸ், ஒரு நாள் கூலி, மதியம் ஒரு டீயும் வடையும்.

தம்பிக்கு அந்த வழியும் கிடையாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் வந்த மத்திய அரசு உத்தரவு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்கள்மேல் பாஸ்போர்ட், விசா இல்லை என்று வழக்குப் போடாமல் காப்பாற்றுகிறது, அவ்வளவுதான். அதனால் அவனைப் பார்த்துக் குடியுரிமைக்கே போராடு என்று சொல்லும்போது என் குரல் கொஞ்சம் இறங்கிவிடுகிறது.

2025 பிப்ரவரியில் என் வாக்காளர் அட்டை வந்தது. தம்பி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். போட்டோவைப் பார்த்துச் சிரித்தான். அதற்கு முன் இங்கே பஞ்சாயத்துத் தேர்தல் கடைசியாக நடந்தது 2019 டிசம்பரில். பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர் பொறுப்பில் விட்டிருந்தார்கள்.

“சரி, பஞ்சாயத்துக்கு நீ எப்பக்கா ஓட்டுப் போடப் போற?” என்றான்.