அடிவானக் கணக்கா, ஏற்றக்கோணக் கணக்கா?

ஒரு செயற்கைக்கோளின் சிக்னல் பூமியில் எவ்வளவு பரப்பை எட்டும்? ஐந்தாம் படிவம் படிக்கும் மகளின் திட்டப்பணி இது. இரண்டு வழியிலும் போட்டுப் பார்த்தோம். கடைசியில் ஏட்டில் ஏறியது இரண்டாவதுதான்.

முதல் வழி சுலபம். அடிவானம் வரை தெரிவதெல்லாம் எல்லை. புவி ஆரத்தையும் உயரத்தையும் கூட்டி, இரட்டிப்பாக்கி, அதனால் உயரத்தை வகுத்தால் முடிந்தது. ஆரம் 6,371 கி.மீ., செயற்கைக்கோள் வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் புவிநிலைச் சுற்றுப்பாதையின் உயரம் 35,786 கி.மீ.; விடை, பூமியின் பரப்பில் 42.4 விழுக்காடு. அவசரத்துக்கு இது போதும்.

ஆனால் அடிவானம் யாருக்குத் தெரிகிறது? பினாங்கின் ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வராந்தாவில் நின்று, கைப்பேசியைச் சரித்துக் கொடிமலை உச்சியைக் குறிபார்த்தாள் மகள். 17 டிகிரி. அந்தப் பக்கம் அதற்குக் கீழே வானமே கிடையாது. போதாக்குறைக்கு, தாழ்வாக வரும் சிக்னல் நம் ஊர் மழைக்குள் அதிக தூரம் நனைந்துதான் வரவேண்டும்.

அதனால் ஏற்றக்கோணம், அதாவது செயற்கைக்கோள் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி மேலே தெரிகிறது என்ற கோணம். எத்தனை டிகிரிக்குக் கீழே வேண்டாம் என்று முதலில் முடிவு செய்கிறோம். அந்தக் கோணத்தின் கோசைனை ஆரத்தால் பெருக்கி, ஆரமும் உயரமும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். கிடைப்பதற்குத் தலைகீழ்க் கோசைன் கண்டு, கோணத்தைக் கழித்தால் புவி மையக் கோணம். அப்புறம் அதன் கோசைனை ஒன்றிலிருந்து கழித்துப் பாதியாக்கினால் பரப்பின் பங்கு. கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா என்று பாருங்கள். ரேடியனில் போட்டு எங்களுக்கு அரைமணி நேரம் வீண்.

புவிநிலைக்கு 10 டிகிரி வைத்தால் 42.4 என்பது 34 ஆகிறது. பெரிய அடி இல்லை. 550 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஸ்டார்லிங்க் வகைக்குத்தான் கதை மாறுகிறது: அடிவானக் கணக்கில் 4 விழுக்காடு, 25 டிகிரி வைத்தால் 0.54. சுமார் 2 கோடி சதுர கி.மீ. என்று நினைத்தது 28 லட்சத்துக்கு வந்து நிற்கிறது. ஏழில் ஒரு பங்கு!

780 கி.மீ. உயரத்து இரிடியம் என்ற செயற்கைக்கோள் தொலைபேசி அமைப்புக்கு, பூமி முழுவதையும் எட்ட 19 செயற்கைக்கோள் போதும் என்கிறது அடிவானக் கணக்கு. அந்த அமைப்பு 66 வைத்து ஓடுகிறது. வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிவதும் காரணம்தான், ஆனால் கோணத்தை விட்டுவிட்டு இந்த இடைவெளியை விளக்க முடியாது.

ஆன்டெனாக் கற்றை குறுகினால் பரப்பு இன்னும் சுருங்கும். அதை நாங்கள் போட்டுப் பார்க்கவில்லை. 91.5 டிகிரி கிழக்கில் நிற்கும் மலேசியாவின் மீசாட் செயற்கைக்கோளோ பினாங்கிலிருந்து 78 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல். அதை நோக்கித் தட்டு வைத்திருப்பவருக்குக் கொடிமலையாவது ஒன்றாவது.