போன் கேம் பதிவுக்கு ஸ்க்ரீன் காப்பி: டர்பனிலிருந்து ஒரு விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் ஆண்ட்ராய்டு போனோ டேப்லெட்டோ இருந்து, வீட்டில் ஒரு பழைய லேப்டாப்பும் இருந்தால், கேம் வீடியோ பதிவு செய்ய ஒரு ரேண்ட் கூடச் செலவழிக்காதீர்கள், ஸ்க்ரீன் காப்பி போதும். எஸ், சி, ஆர், சி, பி, வை என்று ஆறு ஆங்கில எழுத்துகளை ஒட்டி எழுதுவார்கள், தேடும்போது அப்படியே தட்டுங்கள். ஜெனிமொபைல் நிறுவனம் 2018இல் வெளியிட்ட இலவச, திறமூல மென்பொருள் இது, அதாவது இதன் நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். விளம்பரம் கிடையாது, வீடியோ மூலையில் வாட்டர்மார்க் கிடையாது, கணக்குத் தொடங்கச் சொல்லாது, போனில் எந்த ஆப்பையும் நாம் நிறுவ வேண்டியதில்லை.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறேன். அக்கா பையன் பப்ஜி மொபைலும் ஈஃபுட்பாலும் ஆடும்போது தமிழில் வர்ணனை சொல்லுவான், அதை வீடியோவாக்குவதுதான் என் வேலை. இங்கே நம் பிள்ளைகள் வாயில் தமிழ் கேட்பதே அரிதாகிவிட்ட காலத்தில், "மாமா, பின்னாடி ஆள் வர்றான், மரத்துக்குப் பக்கத்துல பாருங்க" என்று ஒரு பையன் தன்னை மறந்து கத்தினால் அதைத் தவறவிட எனக்கு மனசு வராது. அதனால் பதிவு பாதியில் நின்றுவிடாமல் இருப்பதுதான் எனக்கு முக்கியம், மற்றதெல்லாம் அப்புறம்.

போனிலேயே பதிவு வசதி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5இலிருந்து ரூட் செய்யாமலே, அதாவது போனின் சிஸ்டம் பூட்டை உடைக்காமலே, ஆப்கள் திரையைப் பதிவு செய்ய முடிந்தது, ஆனால் கேமின் சத்தத்தை உள்ளிருந்தே எடுக்க 2019இல் ஆண்ட்ராய்டு 10 வர வேண்டியிருந்தது. அதுவரை ஸ்பீக்கர் சத்தம், ஃபேன் சத்தம், பக்கத்து வீட்டு நாய் எல்லாம் சேர்த்து மைக்கில்தான் பிடிக்க வேண்டும். 2020இல் ஆண்ட்ராய்டு 11 வந்தபோது பதிவுக் கருவி சிஸ்டத்திலேயே சேர்ந்தது. ஐந்து நிமிட கிளிப் எடுக்க அது அருமையானது, அதற்கு லேப்டாப்பை இழுத்துக்கொண்டு வர வேண்டாம். நீளமான ஆட்டம் என்றால்தான் சிக்கல், போனில் இடம் தீர்ந்துவிடும். நொடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் மணிக்கு 3.6 ஜிபி, 16 மெகாபிட் என்றால் 7.2 ஜிபி. 64 ஜிபி போனில் கேமும் வாட்ஸ்அப் படங்களும் போக என்ன மிச்சம் இருக்கும்?

ஸ்க்ரீன் காப்பி இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. போன் திரையை வீடியோவாக்கி யூஎஸ்பி கேபிள் வழியாக லேப்டாப்புக்கு அனுப்புகிறது, கோப்பு லேப்டாப்பின் வட்டில் சேர்கிறது. இணையமே தேவையில்லை. 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது ரவுட்டர் செத்துப்போய்க் கிடக்கும், ஆனாலும் லேப்டாப் பேட்டரியை வைத்துக்கொண்டு இணையம் கேட்காத கேம்களைப் பதிவு செய்தோம். இப்போது மின்வெட்டு எவ்வளவோ குறைந்துவிட்டது, இருந்தாலும் ஒரு பழக்கத்தை விட மாட்டேன்: எம்பி4 என்ற வீடியோ கோப்பு வகையில் பதிவு செய்யாமல் எம்கேவி வகையிலேயே பதிவு செய்வேன். எம்பி4 கோப்பு ஒழுங்காக முடிக்கப்படாமல் லேப்டாப் அணைந்துவிட்டால் பெரும்பாலும் திறக்கவே திறக்காது. எம்கேவி என்றால் அணைந்த இடம் வரைக்குமாவது மிஞ்சும்.

அமைப்பது கடினமில்லை, ஆனால் முதல் முறை பொறுமை வேண்டும். போனின் செட்டிங்ஸில் பில்ட் நம்பரை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கேபிளைச் செருகி, போன் கேட்கும் அனுமதியைக் கொடுக்க வேண்டும். செருகியும் லேப்டாப் போனைக் கண்டுகொள்ளவில்லை என்றால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள், சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிள்கள் கடைகளில் நிறைய கிடக்கின்றன, அவற்றில் டேட்டா போகாது. பட்டன்கள் வைத்த அழகான முகப்பு எல்லாம் கிடையாது, கட்டளை தட்ட வேண்டும். இது பலரைப் பயமுறுத்துகிறது. வேண்டிய கட்டளையை ஒரு பேட்ச் கோப்பாக (கட்டளைகளைத் தானாக ஓட்டும் விண்டோஸ் கோப்பு) எழுதி டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டால் அப்புறம் இருமுறை கிளிக் செய்தால் போதும், எங்கள் பையன் அப்படித்தான் தானே தொடங்கிக்கொள்கிறான்.

இரண்டு எச்சரிக்கைகள். மென்பொருளை, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் உள்ள அதன் பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள், அதே பெயரில் வேறு தளங்கள் உண்டு, அவை அதிகாரப்பூர்வமானவை அல்ல. அடுத்து, டெவலப்பர் ஆப்ஷன்ஸ் இயங்கினால் சில வங்கி ஆப்கள் திறக்க மறுக்கும், பதிவு முடிந்ததும் அணைத்துவிடுங்கள், பாதுகாப்புக்கும் அதுதான் நல்லது.

படத் தரம் எப்படி? தானாக வைத்திருக்கும் 8 மெகாபிட் ஈஃபுட்பாலுக்குச் சமாளிக்கிறது. பப்ஜியில் புல்வெளியில் ஓடும்போது படம் கட்டம் கட்டமாக உடைகிறது, 16க்கு ஏற்றிய பிறகுதான் எனக்குத் திருப்தி. இன்னொன்று, கேமைத் திறந்து போனைப் படுக்கைவாட்டில் திருப்பிய பிறகே பதிவைத் தொடங்குங்கள். நடுவில் திருப்பினால் படத்தின் அளவு மாறி, பிளேயர்களும் எடிட்டிங் மென்பொருள்களும் குழம்பிவிடும்.

சூட்டைப் பற்றிப் பலர் தவறாகச் சொல்கிறார்கள். லேப்டாப்பில் பதிவாவதால் போன் சூடாகாது என்பது உண்மையில்லை. வீடியோவைச் சுருக்கும் வேலையை இன்னமும் போனின் சிப்தான் செய்கிறது, போதாததற்குக் கேபிள் வழியாகச் சார்ஜும் ஏறுகிறது. இங்கே கோடையில் வரும் தைப்பூசக் காவடி நேரத்தில் டர்பனில் என்ன புழுக்கம் இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், அப்போது போன் கொதித்துத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், கேம் தத்தித் தத்தி ஓடும். கவரைக் கழற்றிவிட்டு ஃபேன் முன்னால் உட்காருங்கள், பதிவின் நீளப் பக்கத்தை 1280 பிக்சலுக்குக் குறையுங்கள், நொடிக்கு 30 ஃபிரேம் (படம்) போதும் என்று வையுங்கள். இவ்வளவு செய்தால் பிப்ரவரியைத் தாண்டலாம்.

ஐபேட், ஐபோன் உள்ளவர்களுக்கு இது வேலை செய்யாது. அவற்றில் 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் கன்ட்ரோல் சென்டரிலேயே பதிவு பட்டன் உண்டு, அதை அழுத்திப் பிடித்தால் மைக்கையும் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டில் மேக் இருந்தால் கேபிளால் இணைத்து குவிக்டைம் பிளேயரில் பதிவு செய்யுங்கள், இடப் பிரச்சினை அங்கேயும் தீரும்.

இனி சத்தம். ஸ்க்ரீன் காப்பியில் சத்தம் வந்தது 2023இல் வெளியான 2.0 பதிப்பில், அதுவும் ஆண்ட்ராய்டு 11 முதல்தான். தொடங்கியதும் போன் ஊமையாகி, சத்தம் லேப்டாப்பில் கேட்கும், அதில் லேசான தாமதமும் இருக்கும். எதிராளியின் காலடிச் சத்தத்தை நம்பி ஆடும் கேமில் இது பெரிய தொல்லை. ஆண்ட்ராய்டு 13 முதல் இரண்டு பக்கமும் கேட்கும்படி வைக்க ஒரு கட்டளை இருக்கிறது, எங்களைக் காப்பாற்றியது அதுதான். என்னுடைய பெரிய குறை வேறு. கேம் சத்தம், மைக் இரண்டில் ஒன்றைத்தான் அது எடுக்கும், இரண்டையும் சேர்த்து எடுக்காது. போனின் சொந்தக் கருவியில் இரண்டையும் சேர்த்து எடுக்கலாம் என்னும்போது இங்கே இல்லாதது எனக்கு வருத்தம்தான், வர்ணனை சொல்பவர்களுக்கு உயிரே அதில்தானே இருக்கிறது.

அதற்கு நாங்கள் செய்வது இது: அக்காவின் போனைப் பையன் முன்னால் வைத்து அவன் குரலைத் தனியாகப் பதிவு செய்கிறோம். கேம் தொடங்கியதும் மெனுவில் சத்தம் வரும் ஒரு பட்டனைத் தட்டிக்கொண்டே "இப்போ" என்று சொல்லுவான், எடிட் செய்யும்போது அந்த இரண்டையும் பொருத்துவேன். ஸ்க்ரீன் காப்பி வீடியோவில் ஃபிரேம் வேகம் ஏறி இறங்கும், அப்படியே எடிட்டிங்கில் போட்டால் போகப் போகக் குரல் விலகலாம், அதனால் முதலில் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் கொடுத்து நிலையான வேகத்துக்கு மாற்றிவிடுகிறேன். வேலை கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் குரல் தனியாக இருப்பதால், துப்பாக்கிச் சத்தத்தைக் குறைத்து அவன் பேசுவதை முழுசாகக் கேட்க வைக்க முடிகிறது.