பவுண்டேஷன் டிகிரியா, எச்.என்.டி.யா, மூன்று வருஷப் பட்டமா? இங்கிலாந்தில் பிசினஸ் படிக்கப் போகிறவர்களுக்கு

வேலை எதிலும் இல்லாதவர் பிசினஸ் மேனேஜ்மென்ட் பவுண்டேஷன் டிகிரியில் சேர வேண்டாம் என்பது என் கட்சி. அந்தப் படிப்பை உண்டாக்கியதே வேலையில் இருப்பவரை மனதில் வைத்துத்தான். டேவிட் பிளங்கெட் கல்வி அமைச்சராக இருந்தபோது 2000-ல் அறிவித்தார். 2001-ல் முதல் வகுப்புகள் தொடங்கின. பாடத்தில் ஒரு பங்கு வேலைத்தலத்தோடு ஒட்டித்தான் நடக்க வேண்டும் என்பது அன்றிலிருந்தே அதன் அடிப்படை. அதை விட்டுவிட்டுப் பார்த்தால் எச்.என்.டி. என்கிற ஹையர் நேஷனல் டிப்ளமாவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

இங்கே ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு தர நிலையும், படிப்பின் அளவைக் காட்டும் கிரெடிட்டும் உண்டு; அவற்றை முதலில் பார்த்துவிடுவோம். பவுண்டேஷன் டிகிரி 5-ஆம் நிலை, 240 கிரெடிட், முழுநேரமாகப் படித்தால் இரண்டு வருஷம். எச்.என்.டி.யும் அதே 5-ஆம் நிலை, அதே 240. ஹானர்ஸ் பட்டம் 6-ஆம் நிலை, 360 கிரெடிட். ஆகவே முதல் இரண்டில் எதைப் படித்தாலும் இன்னும் 120 கிரெடிட், அதாவது ஒரு வருஷ டாப்-அப், சேர்த்தால் பி.ஏ. ஆகிவிடும். பவுண்டேஷன் இயர் என்று ஒன்று இருக்கிறதே, அது வேறு. பட்டப்படிப்புக்கு முன்னால் ஒட்டவைக்கும் தயாரிப்பு வருஷம்; அதோடு நிறுத்தினால் கையில் பட்டம் எதுவும் வராது. விண்ணப்பத்தில் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டவர்கள் உண்டு, கவனம்.

இனி பவுண்டேஷன் டிகிரியும் எச்.என்.டி.யும். பிசினஸ் எச்.என்.டி. இங்கே பெரும்பாலும் பியர்சன் என்ற தேர்வு நிறுவனத்தின் BTEC வரிசையில் வருவது (நம்மூர் பி.டெக். பொறியியல் பட்டம் அல்ல). ஒரே பாடத்திட்டம், பதினைந்து கிரெடிட் யூனிட்டுகள், பாஸ், மெரிட், டிஸ்டிங்ஷன் என்று தரம். லண்டனில் பாதி முடித்துவிட்டு பர்மிங்ஹாம் போனாலும் இன்னொரு கல்லூரி அதை எளிதாகப் புரிந்துகொள்ளும். கொழும்பிலேயே பியர்சன் எச்.என்.டி. நடத்தும் கல்லூரிகள் இருப்பதால் ஊருக்குத் திரும்புகிறவரும் அந்தப் பெயரை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பவுண்டேஷன் டிகிரிக்கு அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கென்று பாடத்தை அமைக்கிறது. பக்கத்துக் காலேஜ் வகுப்பை நடத்துகிறது. சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். நியூ காலேஜ் டர்ஹம் போலத் தானே வழங்கும் அதிகாரம் பெற்ற காலேஜ்களும் சில உண்டு.

அப்படியானால் எச்.என்.டி.தானே மேல்? வேலை இல்லாதவருக்கு ஆம். வேலையில் இருப்பவருக்கு அசைன்மென்டைப் பார்த்தால் கதை மாறும். எச்.என்.டி.யில் வழக்கமாக வருவது ஒரு பெரிய கம்பெனியை எடுத்து அதன் மார்க்கெட்டிங்கை அலசுவது. மாணவர் இணையத்தைத் துழாவி நாலு வரைபடம் போட்டு மெரிட் வாங்கிவிடுவார். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி லண்டனில் ஹரோ பக்கம் சூப்பர்மார்க்கெட் ஒன்றில் இரவு ஷிப்ட் சூப்பர்வைசர். பகுதிநேரமாகப் பவுண்டேஷன் டிகிரி படித்தான். அவனுடைய ஆபரேஷன்ஸ் அசைன்மென்ட் தான் வேலை செய்யும் கடையின் பாண் (பிரெட்) அலமாரி. எந்தக் கிழமையில் எத்தனை பாணுக்கு விலைகுறைப்பு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள், எத்தனை குப்பைக்குப் போகிறது என்று எழுதி வைத்தான். ஞாயிறு இரவு வரும் ஆர்டர் திங்களின் விற்பனைக்கு அதிகம் என்று காட்டினான். ஸ்டோர் மேனேஜர் அந்தப் பக்கங்களை வாங்கிப் படித்து ஆர்டரைக் குறைத்தார். அடுத்த பதவி உயர்வு நேர்முகத்தில் அவன் பேசியது அந்த அலமாரியைப் பற்றித்தான், சான்றிதழைப் பற்றியல்ல. இதுதான் இந்தப் படிப்பின் லாபம். ஷிப்டும் சரக்கும் ஆட்களும் கையில் இருப்பவருக்கு மட்டும் கிடைக்கிற லாபம்.

டாப்-அப் விஷயத்தில் விளம்பரத் தாளை நம்பக் கூடாது. பவுண்டேஷன் டிகிரிக்கு மேற்படிப்பு வழி ஒன்று கட்டாயம் இருக்கும். ஆனால் அது எந்தப் பல்கலைக்கழகத்தில், எத்தனை சதவீத மதிப்பெண்ணுக்கு, இடையில் பிரிட்ஜிங் கோர்ஸ் என்ற குறுகிய இணைப்புப் படிப்பு வேண்டுமா என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். வேறு பல்கலைக்கழகத்துக்குப் போக நினைத்தால் அங்கே தனியாகக் கேட்டாக வேண்டும். இன்னொன்று: பல இடங்களில் ஹானர்ஸ் கிளாஸை, அதாவது பட்டத்தின் தரத்தை, அந்த ஒரே டாப்-அப் வருஷத்தின் மதிப்பெண்ணை வைத்தே போடுகிறார்கள். முதல் இரண்டு வருஷம் சுமாராகப் படித்தவருக்கு அது நல்லது. கட்டுரை எழுதிப் பழக்கம் இல்லாதவருக்குக் கடைசி வருஷம் தலையில் இடி.

நேரடி மூன்று வருஷப் பி.ஏ. பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏ-லெவலில் நல்ல புள்ளிகள் இருந்து, புதுப் பட்டதாரிகளை எடுக்கும் பெரிய நிறுவனங்களின் கிராஜுவேட் திட்டங்களில் கண் இருந்தால் அதுவே சரி. நடுவில் ஒரு வருஷம் பிளேஸ்மென்ட், அதாவது நிறுவனத்தில் வேலை, உள்ளதாகப் பார்த்து எடுக்கவும்.

காசு விஷயத்தில் பலரும் நினைப்பது போலப் பெரிய மிச்சம் எதுவும் வராது. 2025-26-ல் முழுநேரப் பட்டப்படிப்புக் கட்டணத்தின் உச்சவரம்பு வருஷத்துக்கு 9,535 பவுண்டு. காலேஜ்களில் பவுண்டேஷன் டிகிரியும் எச்.என்.டி.யும் பெரும்பாலும் இதைவிடக் குறைவு. ஆனால் டாப்-அப் வருஷத்துக்குப் பல்கலைக்கழகம் போனால் முழுக் கட்டணம்தான். படிப்புக்கு வாங்கும் அரசு மாணவர் கடனின் விதி எல்லாவற்றுக்கும் ஒன்று. 2023 ஆகஸ்ட் முதல் படிப்பைத் தொடங்கியவர்கள் சம்பளத்தில் 25,000 பவுண்டுக்கு மேற்பட்ட தொகையில் 9 சதவீதம் கட்ட வேண்டும். நாற்பது வருஷம் கழித்து மிச்சத்தைத் தள்ளிவிடுவார்கள். 28,000 சம்பளம் என்றால் மாதம் இருபத்திரண்டரை பவுண்டு. கட்டணத்தை ஒப்பிட்டு மண்டையை உடைப்பதைவிட வீட்டிலிருந்து போய்வரக்கூடிய காலேஜா என்று பாருங்கள், உண்மையான மிச்சம் அங்கேதான்.

கடனே வேண்டாம் என்பவருக்கு, வேலை செய்துகொண்டே பட்டம் படிக்கும் டிகிரி அப்ரென்டிஸ்ஷிப் இருக்கிறது. கட்டணம் இல்லை, சம்பளமும் உண்டு. 2017 ஏப்ரலிலிருந்து, ஆண்டுச் சம்பளப் பட்டியல் 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்கள் இந்தப் பயிற்சிக்கென்று அரை சதவீதம் லெவி (வரி) கட்டுகின்றன. கட்டிய காசை ஆட்களைப் பயிற்றுவிப்பதில் செலவழிக்கத்தான் பார்க்கும். தர்க்கப்படி பார்த்தால் நான்கிலும் சிறந்தது இதுவே. சிக்கல், இடம் கொடுப்பது காலேஜ் அல்ல, முதலாளி. நல்ல இடங்களுக்குப் போட்டி கடுமை. ஏற்கெனவே பெரிய நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறவர் பவுண்டேஷன் டிகிரிக்கு விண்ணப்பிக்கும் முன் எச்.ஆரிடம் இதைக் கேட்காமல் இருப்பது பைத்தியக்காரத்தனம்.

நம்மவர்கள் மத்தியில் ஓடும் இன்னொரு பேச்சையும் சொல்லியாக வேண்டும். கோயில் வாசலிலும் வாட்ஸ்அப்பிலும் ஏஜென்ட்கள் விற்பது படிப்பையல்ல, மாணவரின் வாழ்க்கைச் செலவுக்குத் தரும் மெயின்டனன்ஸ் கடனை. “வாரம் இரண்டு நாள் வகுப்பு, வருஷம் பதின்மூவாயிரம் கைக்கு வரும், இங்கிலீஷ் பற்றிக் கவலைப்படாதீங்க அண்ணா.” லண்டனில் பெற்றோரோடு இல்லாமல் தனியாக இருப்பவருக்கு 2025-26-ல் உச்சத்தொகை 13,762 பவுண்டு என்பது உண்மைதான். அது கடன் என்பதும் உண்மை. பல்கலைக்கழகத்தின் பெயரில் வேறு கல்லூரிகள் நடத்தும் இத்தகைய வகுப்புகளில் நடக்கும் மோசடி பற்றித் தேசியத் தணிக்கை அலுவலகம் 2024 ஜனவரியில் தனி அறிக்கையே வெளியிட்டது. யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ பட்டம் வாங்கியவர்களுக்கு இதில் ஒரு கண்ணி உண்டு: ஏற்கெனவே பட்டம் இருப்பவருக்குப் பொதுவாக மறுபடி கட்டணக் கடன் கிடையாது, அது வெளிநாட்டுப் பட்டமானாலும். “அதை ஃபார்மில் போடாதீங்க” என்கிற ஏஜென்ட் உங்களைப் பொய் சொல்ல வைக்கிறார். பிடிபட்டால் கட்டப்போவது நீங்கள்.

ஊரிலிருந்து ஸ்டூடன்ட் விசாவில் வர நினைப்பவர் 5-ஆம் நிலைப் படிப்புகளின் பக்கமே போக வேண்டாம். பட்ட நிலைக்குக் கீழ் படிப்பவர் படிப்புக் காலத்தில் வாரம் 10 மணிநேரம்தான் வேலை செய்யலாம். பட்டம் படிப்பவருக்கு 20. படிப்பு முடிந்து தங்கி வேலை செய்ய உதவும் கிராஜுவேட் விசாவும் இந்த நிலைக்குக் கிடைக்காது.

மற்றபடி, வேலையும் இருக்கிறது, பவுண்டேஷன் டிகிரிதான் என்று முடிவெடுத்தவர், சேரும் முன் மேனேஜரிடம் வகுப்பு நாளில் ஷிப்ட் போடமாட்டோம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை நவம்பர் வரை நிற்கும். கிறிஸ்மஸ் ரோட்டா (ஷிப்ட் பட்டியல்) வந்ததும் பறந்துவிடும்.