ஓசூர் – பொம்மசந்திரா: மெட்ரோவா, லைட் ரயிலா, புறநகர் ரயிலா, பஸ்ஸா?

பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் ஓட ஆரம்பித்தது. ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 19 கி.மீ., 16 ஸ்டேஷன். இவ்வளவு தூரம் வந்தவன் இன்னும் கொஞ்சம் நீட்டி ஓசூருக்கு வரக்கூடாதா என்று அன்றிலிருந்து ஊரே கேட்கிறது. கேள்வியில் தப்பில்லை. ஆனால் "மெட்ரோ வேண்டும்" என்று ஆரம்பித்துவிட்டால் வேறு எதையும் எடைபோட மனசு வருவதில்லை. அதனால் நான்கு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் யார் பயணம் போகிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும். காலை ஆறரை மணிக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் "அத்திப்பள்ளி, சந்தாபுரா, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, மடிவாளா" என்று ஒரே மூச்சில் கூவுவதைக் கேட்டாலே பாதிக் கணக்கு தெரிந்துவிடும். ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் பெங்களூரு நடுவிலிருக்கும் மெஜஸ்டிக் போகிறவர்கள் இல்லை. எலக்ட்ரானிக் சிட்டிக்கும் அதற்கு முன்னாலும் இறங்கிவிடுகிறவர்கள். இது ஒரு கூட்டம். இன்னொரு கூட்டம் எதிர்த்திசை. பாகலூர், பேரிகை, சூளகிரி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து சிப்காட்டுக்குள் வருகிற ஷிப்டுக்காரர்கள். இவர்களில் நிறையப் பேர் வருவது கம்பெனி பஸ்ஸில். இந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றி மெட்ரோ பேச்சில் யாரும் வாயே திறப்பதில்லை.

மெட்ரோ: மின்சாரத்தில் வந்த சிக்கல்

சென்னை மெட்ரோ நிறுவனம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட தடம் சுமார் 23 கி.மீ. ஏறக்குறைய பாதி நம் பக்கம், பாதி கர்நாடகா. சென்னை மெட்ரோ தலைக்கு மேலே கம்பி இழுத்து 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தில் ஓடுகிறது. பெங்களூரு மெட்ரோவில் மேலே கம்பியே கிடையாது. தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே மூன்றாவதாக ஒரு தண்டவாளம், அதில் 750 வோல்ட் நேர்மின்சாரம். ஓசூர் ஆய்வில் மேல்கம்பி முறையைப் பரிந்துரைத்தார்கள். பெங்களூரு மெட்ரோ நிறுவனம் இரண்டும் ஒட்டாது, தொழில்நுட்ப ரீதியாகச் சாத்தியமில்லை என்று சொல்லிவிட்டது.

சாத்தியமே இல்லையா என்றால், அப்படிச் சொல்ல முடியாது. லண்டனில் தேம்ஸ்லிங்க் ரயில்கள் ஊருக்குத் தெற்கே மூன்றாம் தண்டவாளத்திலும் வடக்கே மேல்கம்பியிலும் ஓடுகின்றன. நடுவில் ஃபேரிங்டன் பக்கம் ஸ்டேஷனில் நிற்கும்போதே மாற்றிக்கொள்கின்றன. வோல்ட்டேஜ்கூட நம் கதையில் வருகிற அதே இரண்டும்தான். ஆனால் அதற்கு இரண்டு மின்சாரத்திலும் ஓடுகிற பெட்டி வாங்க வேண்டும், சிக்னல் ஒத்துப்போக வேண்டும், இரண்டு மாநிலத்து நிறுவனங்கள் ஒரே ரயிலை, ஒரே பணிமனையைப் பங்குபோட வேண்டும். மஞ்சள் தடத்துக்கே பாதை தயாராகியும் பெட்டி வராமல் காத்துக் கிடந்தது. கடைசியில் மூன்றே ரயிலை வைத்து 25 நிமிஷத்துக்கு ஒன்று என்று ஆரம்பித்தார்கள். அந்தத் தடத்திலிருந்து ஓசூருக்கு விசேஷப் பெட்டி எதிர்பார்ப்பது பேராசை.

நேரே ஓட முடியாவிட்டால் பொம்மசந்திராவில் இறங்கி மாறத்தான் வேண்டும். அங்கேயே மெட்ரோவின் பெரிய கவர்ச்சி, ஏறினால் பெங்களூருக்குள் ஜெயதேவா ஸ்டேஷன் வரை உட்கார்ந்தே போகலாம் என்பது, போய்விடுகிறது. இந்த அலசலில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். மாறித்தான் ஆக வேண்டும் என்றால், அந்த இருபது சொச்சம் கிலோமீட்டருக்கு முழு மெட்ரோ விலை எதற்கு?

ஒன்றிய அரசின் பணம் வருமா என்பது வேறு கதை. கோவைக்கும் மதுரைக்கும் 2025 நவம்பரில் என்ன நடந்தது என்று தெரியும்: 20 லட்சம் மக்கள்தொகை இல்லை என்று இரண்டு திட்டங்களையும் திருப்பி அனுப்பினார்கள். 2011 கணக்கெடுப்பில் ஓசூர் நகராட்சி ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் சொச்சம். 2019-ல் மாநகராட்சி ஆகி, இன்று அதைவிடப் பல மடங்கு பெருத்துவிட்டது என்பது ரோட்டில் இறங்கினால் தெரிகிறது. ஆனால் ஃபைலில் இருப்பது அந்தப் பழைய எண்தான். பெங்களூரோடு சேர்த்துக் கணக்குக் காட்டலாம் என்று வாதாட இடம் உண்டு. அதற்குக் கர்நாடகா கூட வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

லைட் ரயில்: விலையும் ரோடும்

அப்படியானால் லைட் ரயில். மெட்ரோலைட் என்ற பெயரில் இதற்கான விதிமுறைகளை ஒன்றிய அரசு 2019-ல் வெளியிட்டது. மூன்று பெட்டி, சுமார் 300 பேர். ரோட்டின் மட்டத்திலேயே, இரண்டு பக்கமும் வேலி போட்ட தனிப்பாதை. ஸ்டேஷன் என்றால் ஒரு நிழற்குடை அளவுதான். எக்ஸ்ரே மெஷின், தானியங்கிக் கதவு ஒன்றும் கிடையாது. மெட்ரோ செலவில் ஏறக்குறைய 40 சதவீதத்தில் முடியும் என்று கணக்குச் சொன்னார்கள். 2021 பட்ஜெட் உரையிலேயே, பெருநகரங்களின் விளிம்புப் பகுதிகளுக்கும் இரண்டாம் நிலை நகரங்களுக்கும் இதுதான் ஏற்றது என்று அறிவித்தார்கள். விளிம்பு என்ற சொல்லுக்கு ஓசூரைவிடப் பொருத்தமான ஊர் உண்டா?

ஓட்டத்தையும் கணக்குப் போடலாம். நான்கு நிமிஷத்துக்கு ஒரு ரயில் என்றால் மணிக்கு 15 ரயில், ஒரு திசையில் 4,500 பேர். ஆறு பெட்டி மெட்ரோ ஒன்றே 1,500 பேருக்குக் குறையாமல் ஏற்றும். ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று விட்டால் மணிக்கு 18,000. ஓசூர் – அத்திப்பள்ளி ரோட்டில் காலையில் அவ்வளவு பேர் ஒரே திசையில் போகிறார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஆக, அளவில் லைட் ரயில் கச்சிதம்.

ஆனால் எங்கே போடுவது? இரட்டைப் பாதைக்கு ஏழெட்டு மீட்டர் அகலம் வேண்டும், ஸ்டேஷன் வருகிற இடத்தில் இன்னும் கூடுதல். 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் லாரிக்கே இடம் போதவில்லை. மூக்கண்டப்பள்ளியிலிருந்து ஜூஜூவாடி வரை சர்வீஸ் ரோட்டில் பைக்கும் ஆட்டோவும் தள்ளுவண்டியும் போட்டி போடுகின்றன. அதற்குள் இரண்டு வேலி போட்டால் கம்பெனி வாசலுக்கு ஆள் எப்படிக் குறுக்கே கடப்பார்கள்? ஊருக்குள் பாகலூர் ரோடு, தளி ரோடு, ராயக்கோட்டை ரோடு எதிலும் பேச்சுக்கே இடமில்லை. அப்போது என்ன சொல்வார்கள்? தூண் எழுப்பி மேலே கொண்டுபோகலாம் என்பார்கள். தூண் எழுப்பிவிட்டால் அந்த 40 சதவீதக் கணக்கு கரைந்துவிடும். லைட் ரயில் மலிவாக இருப்பதே தரையில் ஓடுவதால்தான். மேலே ஏற்றிய லைட் ரயில், கால்வாசி ஆளை ஏற்றுகிற மெட்ரோ. விலையும் கிட்டத்தட்ட அங்கே போய் நிற்கும்.

தரையிலேயே போட்டாலும் தரைக்கு அடியில் இருப்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். நம் மாவட்டத்தில் ரோட்டைத் தோண்டினால் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்க் குழாய் வரும், அதன் பக்கத்தில் சாக்கடை, அதன் மேல் நாலைந்து கம்பெனி கேபிள். எடின்பரோவில் டிராம் போட்டபோது இந்தக் குழாய் மாற்றுகிற வேலையில்தான் மாட்டிக்கொண்டார்கள். 2014-ல் ஒருவழியாகத் திறந்தபோது செலவு 77 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது, தடமோ முதலில் சொன்னதைவிடச் சின்னது. சிட்னியிலும் 160 கோடி டாலர் என்று ஆரம்பித்த தடம் சுமார் 300 கோடியில் போய் முடிந்தது. ரோட்டுக்கு அடியில் கிடந்த மின்கேபிள் பிரச்சினையில் ஒப்பந்ததாரர் அரசுமேலேயே வழக்குப் போட்டார்.

எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா கதை இன்னும் நெருக்கமானது. 2015-ல் 41 ரயில்களோடு கோலாகலமாக ஆரம்பித்தார்கள். உதிரிபாகம் வாங்க அந்நியச் செலாவணி இல்லாமல் சில வருஷங்களில் பாதிக்கு மேல் பணிமனையில் முடங்கின. கொழும்பில் ஜப்பான் கடனில் போட இருந்த லைட் ரயிலை 2020-ல் ஆட்சி மாறிய கையோடு ரத்து செய்தார்கள். இந்தியாவிலோ மெட்ரோலைட் என்று அறிவித்த ஒரு தடம்கூட இன்னும் ஓடவில்லை. திருவனந்தபுரம், கோழிக்கோடு லைட் மெட்ரோ அலுவலகங்களை டெல்லி மெட்ரோ நிறுவனம் 2018-லேயே மூடிவிட்டுப் போனது. முதல் பரிசோதனை எலியாக ஓசூர் இருக்க வேண்டுமா?

புறநகர் ரயில்: தண்டவாளம் ஏற்கெனவே கிடக்கிறது

இந்தப் பக்கத்துக்குச் சின்ன ரயில் புதிதில்லை. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ல் இரண்டரை அடி அகலப் பாதை போட்டார்கள், 1913-ல் அது ஓசூர் வரை வந்தது, 1941-ல் மூடினார்கள். பிடுங்கிய மொரப்பூர் – தருமபுரி பாதையைத் திரும்பப் போட 2019-ல்தான் அடிக்கல் நாட்டினார்கள், வெறும் 36 கி.மீ. புதிதாக ரயில் கேட்கிறவர்கள் இந்த வருஷங்களை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

ஓசூருக்கு இப்போது இருக்கிற அகலப்பாதை பெங்களூரு – சேலம் தடம். பையப்பனஹள்ளி – ஓசூர் 48 கி.மீ. இரட்டைப் பாதை வேலையைக் கர்நாடகாவின் கே-ரைடு நிறுவனம் எடுத்துச் செய்கிறது. பெங்களூரு புறநகர் ரயில் திட்டத்தின் நான்கு தடங்களில் ஒன்று ஹீலலிகேயிலிருந்து ராஜானுகுண்டே வரை சுமார் 47 கி.மீ. ஹீலலிகே நம் ஓசூர் தடத்தில்தான் இருக்கிறது, சந்தாபுராவுக்குப் பக்கம். ஓசூருக்கும் அதற்கும் நடுவில் ஆனேக்கல் ரோடு ஒரு ஸ்டேஷன், அவ்வளவே.

மெட்ரோவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பலருக்குப் பிடிபடுவதில்லை. இரண்டும் ஒரே இடத்துக்குப் போகவில்லை. மெட்ரோ நெடுஞ்சாலையை ஒட்டி எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு என்று போகிறது. ரயில் பாதை கிழக்கே ஒதுங்கி கார்மேலரம், பெல்லந்தூர் ரோடு வழியாகப் போகிறது. சர்ஜாபூர் ரோடு, மாரத்தஹள்ளிப் பக்கம் ஐ.டி. வேலைக்குப் போகிற ஓசூர்க்காரருக்கு மெட்ரோ வந்தாலும் சில்க் போர்டு போய்த் திரும்பி வருவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. அவருக்கு ரயில்தான் நேர்வழி. எலக்ட்ரானிக் சிட்டிக்காரருக்கு ரயிலால் பெரிதாகப் பிரயோஜனம் இல்லை. ஹீலலிகேயில் இறங்கி இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும்.

குறை என்ன? ஓசூர் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கோ சிப்காட்டுக்கோ ஆட்டோக்காரர் கேட்பது ரயில் டிக்கெட்டைவிடப் பல மடங்கு. ஷிப்டு நேரத்துக்கு ஒத்துவருகிற வண்டிகளும் குறைவு. இரண்டும் தண்டவாளம் போடாமலேயே சரிசெய்யக் கூடியவை. தெற்கே கெலமங்கலம், ராயக்கோட்டை, மாரண்டஹள்ளி, பாலக்கோடு, தருமபுரி என்று அதே தடம் நீள்கிறது. சிப்காட்டுக்கு வருகிற அந்த இரண்டாவது கூட்டத்தையும் தொடக்கூடிய ஒரே ரயில் இதுதான்.

பஸ்: மலிவு, எல்லையில் அறுந்து போவது

பஸ்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிமிஷத்துக்கு ஒரு பஸ், ஒன்றில் 60 பேர் என்றால் மணிக்கு 3,600. லைட் ரயிலுக்குக் கிட்டே வந்துவிட்டது. ஹுப்பள்ளி – தார்வாட் நடுவே, ஏறக்குறைய இதே தூரத்தில், 2018-லிருந்து தனித்தட பஸ் ஓடுகிறது. ஆனால் அங்கே ரோட்டை அகலப்படுத்தி நடுவில் தடம் ஒதுக்கினார்கள். இங்கே லைட் ரயிலைத் தடுக்கிற இடப் பஞ்சம் பஸ் தடத்தையும் தடுக்கும். ஒரு வித்தியாசம்: இடமிருக்கும் இரண்டு கி.மீ.க்கு மட்டும் தடம் போட்டு, மீதியில் லாரியோடு கலந்து ஓட பஸ்ஸால் முடியும். வேலி போட்ட ரயிலால் முடியாது.

எல்லைதான் தொல்லை. பெண்களுக்கு இங்கே டவுன் பஸ் இலவசம், அங்கே சக்தி திட்டத்தில் கர்நாடகப் பெண்களுக்கு மட்டும் இலவசம். அத்திப்பள்ளியில் இறங்கி, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நம் பஸ்ஸிலிருந்து கர்நாடக பஸ்ஸுக்கு ஓடுகிற பெண்கள் அங்கே டிக்கெட்டுக்குக் காசு எடுக்கிறார்கள். இவர்களிடம் போய் மெட்ரோ கட்டணம் கேட்டால்? 2025 பிப்ரவரியில் பெங்களூரு மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ஆனது. தினம் இரண்டு வேளை, மாதம் 26 நாள் என்று பெருக்கிப் பார்த்துவிட்டு அவர்கள் பழைய பஸ்ஸுக்கே போய்விடுவார்கள். கம்பெனி பஸ்ஸில் வருகிறவருக்கோ செலவே இல்லை. புது ரயிலுக்கு உண்மையான போட்டி இவைதான்.

என் வரிசை

இன்றைக்குச் செய்யக் கூடியது பஸ்: ஓசூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பொம்மசந்திரா மெட்ரோ வாசல் வரை, இரண்டு மாநில அனுமதியோடு, பத்து நிமிஷத்துக்கு ஒன்று, ஒரே டிக்கெட். அடுத்தது புறநகர் ரயிலை ஹீலலிகேயில் நிறுத்தாமல் ஓசூர் வரை இழுப்பது. மெட்ரோவுக்குக் கொடுக்கிற குரலில் பாதியை இதற்குக் கொடுத்தால் போதும். தூண்மேல் மெட்ரோ, இரண்டு மின்சாரப் பஞ்சாயத்து தீர்ந்தபிறகு பேசலாம்.

லைட் ரயிலை நான் தள்ளிவிடவில்லை. அதற்குரிய இடம் நெடுஞ்சாலை இல்லை, இன்னும் போடாத ரோடு. 2024 ஜூனில் ஓசூருக்கு 2,000 ஏக்கரில் விமான நிலையம் அறிவித்தார்கள். அது எங்கே வந்தாலும் அதற்கு ஒரு சாலை வரும், அந்தச் சாலையோரம் மறுநாளே பிளாட் போட்டு விற்பார்கள். சிப்காட்டையும் ரயில்வே ஸ்டேஷனையும் விமான நிலையத்தையும் இணைக்கிற அந்தச் சாலையின் வரைபடத்திலேயே நடுவில் பத்து மீட்டரை ஒதுக்கி, அடியில் குழாயோ கேபிளோ போடக்கூடாது என்று எழுதிவைத்தால், ரயில் எப்போது வந்தாலும் தரையிலேயே வரலாம். அதுவரை அதில் பஸ் ஓடட்டும்.